ஏஸியோ இருந்தால்தான் பாட்டு நன்றாகக் கேட்குமா?

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த நாதஸ்வர, வீணை சீ.டி.களை எல்லாம் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் முறை) கோப்புகளாக்கி மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். வின்டோஸ் 10, ஃபூபார்2000 என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருள் வழியாகக் கேட்கிறேன். மத்திய வீதியில் ஒரு கடையில், “ஏஸியோ டிரைவர் உள்ள வெளிச் சவுண்ட் கார்ட் ஒன்று போடுங்கோ, இல்லாவிட்டால் கேட்டுப் பிரயோசனமில்லை” என்று 38,000 ரூபாய் விலை சொன்னார்கள். தெரிந்த பொடியன் ஒருவர் ஏஸியோ4ஆல் போட்டாலே போதும், 1,500 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார். எதைச் செய்யலாம்? (வாசகர், உப்புவெளி)

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். பொடியனின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஏஸியோ4ஆல் என்பது, ஏஸியோ டிரைவர் இல்லாத கருவிக்கும் அந்த வழியை அமைத்துத் தரும் இலவச மென்பொருள். நீங்களே இறக்கிக்கொள்ளலாம், ஆனால் உங்களுக்கு அதுவும் தேவைப்படாது.

டிரைவர் (கருவியை இயக்கும் சிறு மென்பொருள்) எதுவும் பாட்டை இனிமையாக்குவதில்லை. கோப்பில் உள்ள எண்களை அப்படியே ஒலிக்கருவியிடம் ஒப்படைப்பதுதான் அதன் வேலை. அப்படியே ஒப்படைக்கும் இரண்டு வழிகளை ஒப்பிட்டு ‘இதில் வீணை உருகுகிறது, அதில் உருகவில்லை’ என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

ஏஸியோ என்ற டிரைவர் முறையை ஜெர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1997இல் ஒலிப்பதிவுக்காகக் கொண்டுவந்தது. பாடுகிறவரின் குரல் அவர் காதிலேயே தாமதமில்லாமல் திரும்பக் கேட்க வேண்டும், அதற்காக. வெறுமனே கேட்கிறவர்களிடம் அதற்குப் பேர் வந்தது வின்டோஸ் எக்ஸ்பி காலத்தில். எக்ஸ்பியின் உள்ளே இருந்த கலவைப் பகுதி எல்லா ஒலியையும் தன் வழிக்கு மாற்றிவிடும். அதைத் தாண்டிப்போக ஏஸியோ ஒரு குறுக்குவழியாக இருந்தது. 2007இல் வின்டோஸ் விஸ்டாவோடு வசாபி என்ற வின்டோஸின் சொந்த ஒலிவழி வந்தபோது அந்தக் குறுக்குவழி வின்டோஸுக்குள்ளேயே அமைந்துவிட்டது. கடைக்காரர்களின் பேச்சு மட்டும் எக்ஸ்பியிலேயே நிற்கிறது.

வசாபி இரண்டு விதமாக வேலை செய்யும். பொது முறையில் உங்கள் பாட்டு, வாட்ஸ்அப் மணி, யூடியூப் எல்லாம் ஒரே பானையில் கலந்து ஒரே வேகத்தில் வெளியே வரும். அந்த வேகம் (ஒரு வினாடிக்கு எத்தனை எண்கள் என்பது) பெரும்பாலும் 48,000 ஹெர்ட்ஸ். உங்கள் சீ.டி.யோ 44,100, ஆகவே வழியில் மாற்றம் நடக்கும். தனி முறையில் பாட்டு மட்டும் நேரே கருவிக்குப் போகும்.

ஃபூபாரின் புதிய பதிப்புகளில் பிரிஃபரன்ஸஸ், பிளேபேக், அவுட்புட் என்று போனால் கருவிகளின் பட்டியல் வரும். அதில் உங்கள் ஸ்பீக்கரின் பெயருக்குப் பக்கத்தில் எக்ஸ்குளூசிவ் (தனி முறை) என்று எழுதிய வரியைத் தேர்ந்தெடுங்கள். பிழைச் செய்தி வந்தால் அதே பக்கத்தில் பிட் அளவை (ஒவ்வோர் எண்ணின் நுணுக்கம்) 16இலிருந்து 24க்கு மாற்றிப் பாருங்கள், சில கருவிகள் 16ஐ நேரே ஏற்காது. பஃபரைக் (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் அளவு) குறைக்கச் சொல்லி யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். கேட்கிறவருக்கு அதனால் லாபமில்லை, டிக் டிக் சத்தம்தான் மிஞ்சும். சரியாக அமைந்ததா என்று பார்க்க, பாட்டு ஓடும்போதே யூடியூபில் ஏதாவது போடுங்கள். அதில் சத்தம் வராவிட்டால் தனி முறை வேலை செய்கிறது. வாட்ஸ்அப் அழைப்பின் மணியும் அப்போது கணினியில் கேட்காது, வீட்டில் சொல்லி வையுங்கள்.

இது பிடிக்கவில்லையென்றால் பொது முறையிலேயே இருந்துகொண்டு, வின்டோஸின் சவுண்ட் அமைப்பில் அட்வான்ஸ்ட் பக்கத்துக்குப் போய் 48,000ஐ 44,100 ஆக்குங்கள். அந்தப் பட்டியலில் 16 பிட், 44,100க்கு ‘சீ.டி. குவாலிட்டி’ என்றும் 16 பிட், 48,000க்கு ‘டீ.வீ.டி. குவாலிட்டி’ என்றும் போட்டிருக்கும். டீ.வீ.டி.தானே பெரிசு என்று அதைத் தொட வேண்டாம். உள்ளதைச் சொன்னால், இந்த இரண்டு எண்களுக்கு இடையிலான மாற்றம் பெரும்பாலானவர்களின் காதில் படவே படாது.

காதில் படுவது வேறொன்று: என்ஹான்ஸ்மென்ட்ஸ். மடிக்கணினியோடு வரும் ‘ஒலி மேம்பாடு’ எல்லாவற்றையும் அணையுங்கள், குறிப்பாக லவுட்னஸ் ஈக்குவலைசேஷன், அதாவது மெல்லிய ஒலியையும் பலத்த ஒலியையும் ஒரே மட்டமாக்குவது. அது இருந்தால், வீணைத் தந்தியை மீட்டி நாதம் தேய்ந்துகொண்டு போகும் இடத்தில் பின்னணி இரைச்சல் பொங்கி மேலே வரும். தவில் சேர்ந்ததும் நாதஸ்வரம் உள்ளே அமுங்கும். கச்சேரியின் ஏற்ற இறக்கமே போய்விடும். அப்பாவின் சீ.டி.களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இந்த ஒரு சொடுக்குத்தான், காசும் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் 38,000 ரூபாயைச் செலவழித்தே தீருவேன் என்றால், அதில் பெரும்பங்கை நல்ல ஹெட்போனுக்கோ ஸ்பீக்கருக்கோ போடுங்கள். வெளிக் கருவி வாங்கினாலும் ஏஸியோ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். வின்டோஸ் 10இல் 2017ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து யூ.எஸ்.பி. ஆடியோ 2 தரத்துக்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது, பெரும்பாலான கருவிகள் செருகியவுடன் வேலை செய்யும். மைக் வைத்துப் பாட்டைப் பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால் கதை வேறு, அப்போது ஏஸியோ உள்ளதாகவே வாங்குங்கள்.

கேள்வி: சார்ஜர் போட்டதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது. டிரைவரை மாற்றினால் போகுமா? (வாசகி, உவர்மலை)

பதில்: போகாது, அது மின்சாரப் பக்கத்துக் கோளாறு. சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் நின்றால் சந்தேகமே வேண்டாம். மடிக்கணினியையும் ஸ்பீக்கரையும் ஒரே மல்டிபிளக்கில் போட்டுப் பாருங்கள். பழைய வீடென்றால் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். ஆனால் இரைச்சலை நிறுத்தவென்று எர்த்தை மட்டும் கழற்றிவிடாதீர்கள், உயிராபத்து. இரைச்சலுக்குப் பதிலாகக் கரகரப்பு என்றாலோ ஒரு பக்கம் மட்டும் கேட்டாலோ ஹெட்போன் துளையைப் பாருங்கள். கடலோரத்து உப்புக்காற்றுக்கு அந்தத் துளை லேசில் தப்பாது.

கேள்வி: ‘ஹைரெஸ் (சீ.டி.யைவிட நுணுக்கமான ஒலி), 24 பிட்’ என்று சொல்லி விற்ற யூ.எஸ்.பி. கருவி 16 பிட், 48,000க்கு மேல் காட்டவில்லை. கடையில் பில்லும் தரவில்லை. (வாசகர், நிலாவெளி)

பதில்: முதலில் கருவியை வேறொரு கணினியில் செருகி அதே அட்வான்ஸ்ட் பக்கத்தைப் பாருங்கள். அங்கேயும் அதே எண்தான் என்றால், பெட்டியில் எழுதியிருப்பதையும் திரையையும் சேர்த்துப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பில் கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை, இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மறுத்தால் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பெட்டியை எறிந்துவிடாதீர்கள்.