நான்கு வயதிலும் ஒன்றரை வயதிலும் பிள்ளைகள், கூடவே தாத்தா பாட்டி: டிஸ்னி வேர்ல்டில் எந்த வில்லா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நான்கு வயது மகன், ஒன்றரை வயது மகள், நீங்கள் இருவர், ஜூனில் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கப்போகும் உங்கள் அப்பா அம்மா. ஆறு பேரும் புளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் ஐந்து இரவுகள் தங்க வேண்டும். பால்கனியிலிருந்து ஒட்டகச்சிவிங்கி தெரியும் கிடானி வில்லேஜா, மேஜிக் கிங்டம் பூங்காவை ஒட்டிய பே லேக் டவரா, டிஸ்னிக்கு வெளியே, பக்கத்து ஊரான கிஸிமியில் நீச்சல்குளத்தோடு ஒரு தனி வீடா?

பே லேக் டவரில் இரண்டு படுக்கையறை வில்லாவை எடுங்கள். மற்ற இரண்டும் மோசம் என்பதால் இதைச் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு ஒன்றரை வயது என்பதால் சொல்கிறேன்.

இந்தப் பயணம் இனிப்பதும் கசப்பதும் அந்தக் குழந்தையின் மதியத் தூக்கத்தில்தான் இருக்கிறது. டிஸ்னியின் விடுதிகளில் தங்குபவர்களுக்குப் பூங்கா திறப்பதற்கு அரை மணி முன்னதாகவே உள்ளே போக அனுமதி உண்டு. சிறு பிள்ளைகள் எப்படியும் விடியற்காலையில் எழுந்துவிடுவார்கள். ஆகவே காலையில் கூட்டம் சேருவதற்குள் பாதிச் சவாரிகளை முடித்துவிடலாம். பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏறும், வரிசைகள் நீளும், குழந்தை கண்ணைக் கசக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் அறைக்குத் திரும்ப முடிகிற குடும்பம் மாலையில் மறுபடியும் சிரித்துக்கொண்டே வரும். திரும்ப முடியாத குடும்பங்களை நான்கு மணிக்குப் பூங்காவின் எந்த நடைபாதையில் வேண்டுமானாலும் பார்க்கலாம்: அழும் குழந்தை, அதட்டும் அப்பா, பெஞ்சில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டி.

பே லேக் டவரிலிருந்து மேஜிக் கிங்டம் வாசலுக்குப் பத்து நிமிட நடை. பாதை சமதளம், பாதுகாப்புச் சோதனையும் வழியிலேயே முடிந்துவிடும். ஸ்ட்ரோலரில், அதாவது தள்ளுவண்டியில், குழந்தை தூங்கிவிட்டால் அப்படியே தள்ளிக்கொண்டு அறைக்கு வந்துவிடலாம். இது சாதாரண வசதியாகத் தோன்றலாம். டிஸ்னி பஸ்ஸில் ஸ்ட்ரோலரை மடித்துத்தான் ஏற்ற வேண்டும். அதாவது, தூங்கும் குழந்தையைத் தூக்கி, பையை இறக்கி, வண்டியை மடித்து, நெரிசலில் ஏற வேண்டும். பத்தில் ஒன்பது முறை குழந்தை விழித்துக்கொள்ளும். அதன் பிறகு அறையில் போய்த் தூங்காது. மோனோரயிலிலும் ஸ்கைலைனர் கேபிள் காரிலும் மடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வில்லா தேடும்போது அந்த விடுதியிலிருந்து எந்த வாகனத்தில் போகிறோம் என்பதை முதலில் பாருங்கள். அறையின் அலங்காரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து நாளில் இரண்டு அல்லது மூன்று நாள் நீங்கள் மேஜிக் கிங்டத்தில்தான் இருப்பீர்கள் என்று நினைத்தே இதைச் சொல்கிறேன். டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் உயரக் கட்டுப்பாடு இல்லாத சவாரிகள் மிகுதியாக இருப்பது அங்கேதான். பறக்கும் டம்போ யானை, பீட்டர் பான் கப்பல், குதிரை ராட்டினம், ஜங்கிள் குரூஸ் படகு ஆகியவற்றில் ஒன்றரை வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஏறலாம், பாட்டியும் சேர்ந்து உட்காரலாம். மகனின் உயரத்தை இப்போதே அளந்து வையுங்கள். 38 அங்குலம் இருந்தால் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலில் ஏற்றுவார்கள்; ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 வேண்டும். மகள் ஏற முடியாத சவாரிக்கு, ஒருவர் போய் வரும்வரை மற்றவர் குழந்தையோடு காத்திருந்து, பிறகு மறுபடியும் முழு வரிசையில் நிற்காமல் ஏறும் ஏற்பாடு இருக்கிறது. ஊழியரிடம் 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேளுங்கள்.

இனி அறை. ஸ்டூடியோ வகையில் எல்லாரும் ஒரே அறையில். குழந்தை எட்டு மணிக்குத் தூங்கினால் பெரியவர்களும் விளக்கணைத்து இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதில் சிறு குளிர்பதனப் பெட்டியும் மைக்ரோவேவும் இருக்கும், அடுப்பு இராது. ஒரு படுக்கையறை வில்லாவிலிருந்துதான் முழுச் சமையலறை, துணி துவைத்து உலர்த்தும் இயந்திரங்கள், தனிக் கதவுள்ள படுக்கையறை எல்லாம் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டு படுக்கையறை. அதிலும் 'லாக்-ஆஃப்' என்ற வகையைக் கேளுங்கள்: ஒரு படுக்கையறை வில்லாவையும் பக்கத்து ஸ்டூடியோவையும் நடுக்கதவால் இணைத்திருப்பார்கள். ஸ்டூடியோ பக்கம் தாத்தா பாட்டிக்கு. அவர்களுக்கென்று தனி வாசல், தனிக் குளியலறை, விடியற்காலையில் காப்பி போட்டுக்கொள்ள ஒரு மூலை. நீங்கள் இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டு வந்தாலும் அவர்கள் தூக்கம் கெடாது. பே லேக் டவரின் இரண்டு படுக்கையறை வில்லாவில் மூன்று குளியலறைகள். ஆறு பேர் எட்டு மணிக்குள் கிளம்ப வேண்டிய காலையில் இதன் அருமை தெரியும்.

வாணவேடிக்கைச் சத்தம் அறை வரைக்கும் கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னவள் சத்தத்துக்கு எழுந்துகொள்பவள் என்றால் பூங்கா தெரியும் பக்கத்து அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஏரிப் பக்க அறை போதும். இது உயரமான கட்டிடம், பால்கனி உண்டு. அறைக்குள் நுழைந்ததும் பால்கனி நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கதவைத் தாழிடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அம்மா சுத்த சைவம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மாமியாரும் அப்படித்தான். டிஸ்னியில் சைவ உணவு கிடைக்கும், கேட்டால் அக்கறையோடு செய்தும் தருவார்கள். ஆனால் வயதானவர்களுக்கு ஐந்து நாளும் ரொட்டியும் சீஸும் ஒத்துக்கொள்ளாது. ஒரு வேளையாவது ரசமும் சாதமும் வேண்டும். வில்லாவில் அடுப்பு, பாத்திரங்கள், தட்டுகள், பாத்திரம் கழுவும் இயந்திரம் எல்லாம் உண்டு. பிரஷர் குக்கர் இருக்காது, சாதத்தை வடித்துக்கொள்ளலாம். சாம்பார்ப் பொடி, புளி, ஊறுகாய், கடுகு, பெருங்காயத்தை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோங்கள். பால், தயிர், காய்கறிகளை விடுதிக்கே வரவழைத்துக்கொள்ளலாம். தாளிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டுவிடுங்கள், புகை எச்சரிக்கை மணி அடிக்காமல் இருக்கும்.

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகப் பூங்காக்களில் தடையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. அதிலும் குழந்தை உணவுப் புட்டிகளுக்கு விலக்கு உண்டு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம் எல்லாம் தாராளமாக எடுத்துப் போகலாம். நான்கு பூங்காக்களிலும் குழந்தைகளுக்கென்று ஒரு பராமரிப்பு மையம் இருக்கிறது. குளிரூட்டிய இடம், பால் கொடுக்கத் தனி அறை, உடை மாற்ற மேடை, ஊட்ட உயரமான நாற்காலி. பூங்காவுக்குள் நுழைந்ததும் அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிடானி வில்லேஜுக்கு வருகிறேன். 2009இல் திறந்த விடுதி அது. அழகில் டிஸ்னி வேர்ல்டில் அதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம். காலையில் திரையை விலக்கினால் வரிக்குதிரை மேய்ந்துகொண்டிருக்கும், நீண்ட கொம்புள்ள அங்கோலே மாடுகள் அசைந்து போகும். இரண்டு படுக்கையறை வில்லாவில் இங்கேயும் மூன்று குளியலறைகள். சிறு பிள்ளைகளுக்கென்று தண்ணீர் பீய்ச்சும் விளையாட்டுத் திடல் தனியாக இருக்கிறது. கீழே இருக்கும் சனா உணவகத்தில் ஆப்பிரிக்கச் சமையலோடு இந்திய மசாலாவும் கலந்திருக்கும். 'நான்' (naan) வகை ரொட்டிகளோடு மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, ராய்த்தா என்று வரிசையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். அங்கே உங்கள் அம்மா வயிறாரச் சாப்பிடுவார். எல்லாம் சரி, ஆனால் அங்கிருந்து எந்தப் பூங்காவுக்கும் பஸ்ஸில்தான் போக வேண்டும், மேஜிக் கிங்டம் தொலைவு. ஐந்து நாளில் இரண்டு நாளாவது பூங்கா டிக்கெட் இல்லாமல் விடுதியிலேயே கழிக்கப்போகிறீர்கள் என்றால் நானே கிடானியைத்தான் சொல்வேன். இல்லையென்றால் அனிமல் கிங்டம் பூங்காவுக்குப் போகும் நாளில் சனாவில் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்துவிட்டு, அப்படியே விலங்குகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே தங்காதவர்களும் சாப்பிடப் போகலாம். (கிடானியையே எடுப்பதாக இருந்தால் விலங்குகள் மேயும் புல்வெளியைப் பார்த்த 'சவானா' காட்சி அறைதானா என்று பதிவில் சரிபாருங்கள். சாதாரணக் காட்சி அறையும் உண்டு, அதில் விலங்குகள் தெரியும் என்று நம்பிப் போகக் கூடாது.)

மற்ற டிஸ்னி விடுதிகளில் பாலினேசியன் நல்ல மாற்று: மோனோரயில் வாசலிலேயே நிற்கும், நீச்சல்குளம் கடற்கரை போலச் சரிவாக ஆழமாகும். பீச் கிளப்பின் மணல் அடித்தளக் குளம் பிள்ளைகளுக்குச் சொர்க்கம், ஆனால் அது எப்காட் பூங்காவுக்கு நடக்கும் தூரத்தில் இருப்பது. ரிவியேராவில் ஸ்கைலைனர் உண்டு. இடி மின்னல் வந்தால் அது நின்றுவிடும். 1991இல் முதலில் கட்டப்பட்ட ஓல்டு கீ வெஸ்ட் வில்லாக்கள் விசாலமானவை, ஆனால் பெரும்பாலான கட்டிடங்களில் லிஃப்ட் இல்லை. முட்டி வலியுள்ள அப்பாவுக்கு அது வேண்டாம்.

கிஸிமி வீட்டைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். வாடகை குறைவு, இடம் அதிகம், உண்மைதான். ஆனால் கூடத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நேரே குளம் என்றுதான் அங்கே பல வீடுகளின் அமைப்பு. அமெரிக்காவில் ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. உங்கள் பிள்ளைகள் இருவருமே அந்த வயதில். ஆறு பேர் பெட்டி கட்டும் பரபரப்பில் யாரோ ஒருவர் கதவைத் திறந்து வைத்துவிட்டால் போதும். அதைத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் குளத்தைச் சுற்றித் தனி வேலியும் கதவில் அலாரமும் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுதியின் பெரிய குளங்களில் உயிர்காப்பாளர் இருப்பார், மிதவை அங்கி இலவசமாகத் தருவார்கள். விடுதிகளை ஒட்டிய ஏரிக்கரைகளில் மட்டும் குழந்தைகளைத் தண்ணீரருகே விடாதீர்கள். புளோரிடாவின் நீர்நிலைகளில் முதலைகள் உண்டு. 2016இல் அங்கே ஒரு சிறு குழந்தை பலியான பிறகுதான் கரைகளில் தடுப்பும் முதலை எச்சரிக்கைப் பலகைகளும் வந்தன. வெளியே தங்கினால் இன்னொரு சிரமமும் உண்டு. காரில் மேஜிக் கிங்டம் போகிறவர்கள் ஏரிக்கு இந்தக் கரையில் நிறுத்திவிட்டுப் படகிலோ மோனோரயிலிலோ ஏறித்தான் வாசலை அடைய வேண்டும். மதியம் திரும்புவதற்கும் அதே சுற்று.

பணம். டிஸ்னி இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்தால் இரண்டு படுக்கையறை வில்லாவின் விலை திகைக்க வைக்கும். இந்த வில்லாக்கள் டிஸ்னி வெகேஷன் கிளப் உறுப்பினர்களுக்காகக் கட்டப்பட்டவை. தங்கும் இரவுகளுக்கு உறுப்பினர்கள் பணத்துக்குப் பதில் புள்ளிகளைச் செலவிடுவார்கள்; அந்தப் புள்ளிகளை வாடகைக்கும் விடுவார்கள். இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக அப்படி எடுத்தால் பெரும்பாலும் கணிசமாகக் குறையும். அதில் இரண்டு நிபந்தனைகள்: பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது, தினசரி அறை சுத்தம் கிடையாது. பயணம் ரத்தானால் கைகொடுக்கும் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கட்டுப்படியாகாவிட்டால் ஒரே விடுதியில் அடுத்தடுத்து இரண்டு ஸ்டூடியோக்கள் எடுங்கள். புள்ளிக் கணக்கில் இரண்டு படுக்கையறை வில்லாவைவிட அது மலிவு. அடுப்பும் துவைக்கும் இயந்திரமும்தான் அறைக்குள் இருக்காது.

மகன் இன்னும் பள்ளியில் சேரவில்லை, பெற்றோர் ஆறு மாதம் இருக்கிறார்கள். பிறகு எதற்கு ஜூன் ஜூலைக் கூட்டத்தில் போக வேண்டும்? அமெரிக்கப் பள்ளிகள் திறந்த பின் வரும் செப்டம்பரில் கூட்டமும் குறைவு, தேவைப்படும் புள்ளிகளும் மிகக் குறைவு. வெயில் கொளுத்தும், பிற்பகலில் இடி மழை வரும். அந்த நேரத்தில் நீங்கள் அறையில்தான் இருப்பீர்கள். புயல் பருவம் என்பதால் காப்பீட்டு விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே பூங்கா நுழைவு இலவசம், ஆகவே மகளுக்கு டிக்கெட் வேண்டாம்.

பே லேக் டவரைச் சொந்த விடுதியாகக் கொண்ட உறுப்பினர் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம், மற்ற உறுப்பினர்களுக்கு 7 மாதம்தான். செப்டம்பர் தொடக்கம் என்றால் பிப்ரவரி தொடக்கத்திலேயே எல்லா உறுப்பினர்களுக்கும் கதவு திறந்துவிடும். அதற்கு முன்பே, பே லேக் டவரில் புள்ளி வைத்திருக்கும் ஒருவரைத் தேடித் தரும்படி இடைத்தரகரிடம் குறிப்பாகக் கேளுங்கள். பதிவு எண் கைக்கு வந்த பிறகு விமான டிக்கெட் எடுங்கள்.