போர் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு ஏன் நுரைப்பதில்லை?

சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர் கடின நீர்தான். அதாவது, நிலத்தடிப் பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரைந்து வந்த கால்சியமும் மக்னீசியமும் அதில் அதிகம்.

பார் சோப்பின் வேலை அழுக்கைப் பிடித்து இழுப்பது. ஆனால் கால்சியம் அதற்கு முன்பே சோப்போடு சேர்ந்து, கரையாத படிவாக மாறிவிடும். பக்கெட்டின் உள்பக்கம் விரலால் தேய்த்துப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக ஒட்டும். அதேதான் துணியிலும் படிகிறது. வெள்ளை வேட்டி மங்குவதும், துண்டு காய்ந்ததும் அட்டை மாதிரி விறைப்பதும் இதனாலும்தான்.

பெசன்ட் நகரில் கிளம்பும் பஸ் அடையாறிலேயே நிரம்பிவிட்டால் மயிலாப்பூரில் நிற்பவர் ஏற முடியுமா? சோப்பு அந்த பஸ், கால்சியம் முதலில் ஏறிவிட்ட கூட்டம், அழுக்கு மயிலாப்பூரில் நிற்பவர்.

சரி, என்ன செய்யலாம்? ஊறவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் சலவை சோடா கலந்தால் அது கால்சியத்தைப் பிரித்துவிடும் (பட்டு, கம்பளிக்கு வேண்டாம்). டிடர்ஜென்ட் வகை சோப்புத் தூளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஐப்பசி மழையில் மொட்டைமாடியில் ஒரு பக்கெட் பிடித்துத் துவைத்துப் பாருங்கள், துளி சோப்புக்கே நுரை பொங்கும். எனக்கு அது ஒவ்வொரு வருஷமும் ஆச்சரியம்தான்.

"வாயில் வைத்தால் உப்புக் கரிக்கவில்லையே, அப்புறம் எப்படி இது கடின நீர்?" என்று பலர் கேட்கிறார்கள், சோப்பைத் தடுக்கும் அளவு கால்சியம் இருந்தாலும் நாக்குக்குத் தெரியாமல் போகலாம்.