பேக்கர் தேடிய பெயர்கள்

அன்புள்ள ஐயா,
கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சனின் சங்கம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வரலாற்றை, அவர்களில் கண்டுபிடிப்பாளர்களாக இருந்தவர்களையும் சேர்த்துச் சொல்லித்தர ஒரு சங்கம், அதற்குத் தலைவர்கள், இதெல்லாம் எதற்கு? கண்டுபிடித்தவருக்கு நிறம் ஏது? அப்புறம், டிராஃபிக் சிக்னலைக் கண்டுபிடித்தவர் ஒரு கறுப்பர் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா?
- ஒரு பள்ளி ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

காப்புரிமை ஆவணத்திலும் நிறம் கிடையாது. பெயர், ஊர், வரைபடம், விளக்கம், அவ்வளவுதான். அதனால்தான் கறுப்பர்கள் எதையும் கண்டுபிடித்ததில்லை என்று துணிந்து சொல்ல முடிந்தது. மறுத்துப் பேசக் கையில் சான்று இல்லை.

சான்றைத் தேடிச் சேர்த்தவர் ஹென்றி பேக்கர். 1877இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் நகலெடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, உதவிப் பரிசோதகராக உயர்ந்த கறுப்பர். 1900 பாரிஸ் கண்காட்சிக்காக அந்த அலுவலகத்திலிருந்து நாடு முழுக்கக் காப்புரிமை வழக்கறிஞர்களுக்குக் கடிதம் போனது: உங்களுக்குத் தெரிந்த கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் யாராவது உண்டா? சிலர் கேலியாகப் பதில் எழுதினார்கள். பேக்கர் வந்த பெயர்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பட்டியல் போட்டார். நிறம் தெரிந்தால் பொருள் விலைபோகாது என்று பயந்து மறைத்தவர்களும் உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துவிட்டது.

உட்சன் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம். 1915இல் சிகாகோவில் சங்கத்தைத் தொடங்கினார். அதன் ஆய்விதழில் 1917 ஜனவரியில் பேக்கரின் கட்டுரை வந்தது. அலுவலக அலமாரியில் கிடந்த பெயர்கள் அப்படித்தான் படிக்கிறவர்கள் கைக்கு வந்தன. 1936இல் சங்கத்தின் தலைவரான கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்யூன், வகுப்பறைக்கு ஆய்விதழ் போதாது என்று உணர்ந்தார். அவர் சொல்லித்தான் மறு ஆண்டே ஆசிரியர்களுக்கென்று தனி இதழ் வந்தது. டீச்சர், அது உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது.

சரி, சிக்னல். கேரட் மார்கன் என்ற கறுப்பர் 1923இல் அதற்கு வாங்கிய காப்புரிமை உண்மை. ஆனால் முதல் சிக்னல் அவருடையதல்ல. அவர் இருந்த கிளீவ்லாந்திலேயே 1914இல் மின்விளக்கு சிக்னல் வந்துவிட்டது. அவர் செய்தது, ஒரு பக்கத்தை விடுவதற்கு முன்னால் எல்லாப் பக்கத்தையும் ஒரு கணம் நிறுத்தும் ஏற்பாடு. அதுவே பெரிய வேலை, மிகைப்படுத்தத் தேவையில்லை. இதே மார்கன் தன் புகைக்கவசத்தை விற்க, வெள்ளையர் ஒருவரைக் கண்டுபிடித்தவராக முன்னால் நிறுத்த வேண்டியிருந்தது.

காப்புரிமை எண் 1,475,024. அந்த வரைபடத்தை வகுப்பில் காட்டுங்கள்.