சீட்டு நிறுவனத்துக்கு மென்பொருள்: 40 கிளாஸ் போட்டும் ஏன் பிடிபடவில்லை?

கேள்வி: பதிவு பெற்ற சீட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் வேலை எங்கள் குழுவுக்கு வந்திருக்கிறது. தேவைகளை ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையில் (தொழிலில் உள்ள பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் வைத்து) மாடல் செய்து தரும்படி டீம் லீட் சொல்லியிருக்கிறார். மேலாளர், வசூல் பிரதிநிதிகள், கணக்கர் ஆகியோரிடம் பேசிக் குறிப்பெடுத்தேன். குறிப்பில் இருந்த பெயர்ச்சொற்களை அடிக்கோடிட்டதில் 40 கிளாஸ் (பொருள் வகைகள்) வந்தது. யூஸ் கேஸ் 50-ஐத் தாண்டிவிட்டது. நிறுவனத்தாரிடம் காட்டினால் ‘நல்லாயிருக்கு தம்பி’ என்கிறார்கள், ஒரு திருத்தம்கூடச் சொல்லவில்லை. நான் போகிற வழி சரியா? எத்தனை டயகிராம் போட வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: திருத்தம் வராததுதான் எனக்கு இடிக்கிறது. சீட்டு நடத்துகிறவர்கள் ஒரு ரூபாய் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் உங்கள் படத்தில் ஒரு தப்பும் சொல்லவில்லை என்றால், அதில் அவர்கள் தொழில் இல்லை, நீங்கள் கட்டப்போகும் டேபிள்களும் ஸ்கிரீன்களும்தான் இருக்கின்றன என்று அர்த்தம். தேவைகளை மாடல் செய்யும் கட்டத்தில் மென்பொருள் இன்னும் பிறக்கவே இல்லை. படத்தில் இருக்க வேண்டியது சீட்டு, ஏலம், தள்ளு (ஏலம் எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகை), ஜாமீன், தவணை இவையும் இவற்றுக்கு இடையிலான விதிகளும்தான்.

முதலில் யூஸ் கேஸ். ‘லாகின் செய்’, ‘முகவரி திருத்து’, ‘ரசீது பிரின்ட் எடு’ என்று நீங்கள் எழுதியிருந்தால் அவை பட்டன்கள். எரிக்சனில் வேலை பார்த்த இவார் யாகோப்சன் 1987-இல் யூஸ் கேஸை முன்வைத்தபோது கருத்து எளிமையானது: வெளியே இருக்கும் ஒருவர் ஒரு காரியத்துக்காக வருகிறார், அது முடிந்து திரும்பிப் போகிறார், அந்த முழு நடையும் ஒரு யூஸ் கேஸ். இந்தக் கணக்கில் உங்கள் 50 பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். புதுச் சீட்டு தொடங்குவது, ஆள் சேர்ப்பது, தவணை வசூலிப்பது, ஏலம் நடத்துவது, ஜாமீன் சரிபார்த்துப் பணம் பட்டுவாடா செய்வது, தவணை தவறியவரை நீக்கி மாற்று ஆள் போடுவது, சீட்டை முடித்துக் கணக்குத் தீர்ப்பது... இப்படி. லாகினுக்காக யாரும் சீட்டு நிறுவனத்துக்கு வருவதில்லை.

இனி கிளாஸ். பெயர்ச்சொல்லைப் பிடிக்கும் முறை 1983-இல் ரஸ்ஸல் அபாட் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. தொடங்குவதற்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். பேச்சில் அடிக்கடி அடிபடும் எல்லாம் கிளாஸ் ஆகாது. முக்கியமான கிளாஸ் பேச்சில் அடிபடாமலே போகவும் செய்யும். உங்கள் 40-இல் ‘ரசீது எண்’, ‘தேதி’, ‘தள்ளுத் தொகை’ எல்லாம் இருக்கும் என்று நினைக்கிறேன். அவை அட்ரிபியூட்கள், அதாவது ஒரு கிளாஸின் விவரங்கள். ‘ரிப்போர்ட்’ என்று ஒன்று இருந்தால் இன்றைக்கே அடித்து நீக்கிவிடுங்கள்.

நீங்கள் தவறவிட்டிருக்கக் கூடியது டிக்கெட், அதாவது சீட்டில் ஓர் இடம். ‘சந்தாதாரர்’ என்று ஒரு கிளாஸ், ‘சீட்டு’ என்று ஒரு கிளாஸ், நடுவில் ஒரு கோடு. பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஒரே சீட்டில் ஒருவர் இரண்டு டிக்கெட் போடுகிறார். ஒரு டிக்கெட்டை இருவர் பாதிப் பாதியாகப் போடவும் சட்டத்தில் இடமுண்டு. இன்னும் ஏலம் எடுக்காத ஒருவர் தவணை தவறினால் அவரை நீக்கிவிட்டு இன்னொருவரை அதே இடத்தில் சேர்க்கிறார்கள். ஆள் மாறுகிறார், இடம் அப்படியே இருக்கிறது. ஆக, தவணை பாக்கி, ஏலம் எடுத்தாயிற்றா என்ற விவரம், ஜாமீன் எல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பது ஆளிடம் அல்ல, டிக்கெட்டிடம். சீட்டுக்கும் டிக்கெட்டுக்கும் இடையே ஒன்றுக்குப் பல. டிக்கெட்டுக்கும் சந்தாதாரருக்கும் இடையே பலவுக்குப் பல. யார் எவ்வளவு பங்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ற விவரம் அந்தக் கோட்டின் மேலேயே தொங்கும். யூஎம்எல்லில் (மாடல்களை வரையும் பொதுவான படமொழி) அதற்கு அசோசியேஷன் கிளாஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. மற்ற இடங்களில் அதைத் தேவையில்லாமல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இங்கே பொருந்துகிறது.

இது சரியா என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் 1989-இல் சொன்ன சிஆர்சி அட்டை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளாஸுக்கு ஓர் அட்டை. அதில் பெயர், அதன் பொறுப்பு, யாரிடம் கேட்டு வேலையை முடிக்கும் என்ற மூன்று மட்டும் எழுதுங்கள். மேலாளர், கணக்கர், நீங்கள் ஆளுக்கு இரண்டு அட்டை வைத்துக்கொண்டு ஒரு ஏலத்தை மேசையிலேயே நடத்திப் பாருங்கள். ஒரே சீட்டில் இரண்டு டிக்கெட் வைத்து அதில் ஒன்றை ஏற்கெனவே எடுத்துவிட்ட ஒருவரை உள்ளே கொண்டுவாருங்கள். ‘இவர் இந்த மாத ஏலத்தில் கேட்கலாமா?’ என்று கேட்டால் ‘சந்தாதாரர்’ அட்டை வைத்திருப்பவருக்குப் பதில் வராது. கேட்கலாம், கேட்கவும் கூடாது! ‘டிக்கெட்’ அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு நொடி போதும். கணக்கர் அங்கேயே, ‘அரை டிக்கெட்காரங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் கட்டலைன்னா?’ என்று ஆரம்பிப்பார். நீங்கள் தேடிக்கொண்டிருந்த திருத்தம் அதுதான்.

அடுத்து, குறிப்பில் ‘எடுத்தவர்’, ‘எடுக்காதவர்’ என்று வந்திருக்கும். இரண்டையும் சந்தாதாரரின் சப்கிளாஸாக (உள்வகையாக)ப் போட ஆசை வரும். வேண்டாம். ஒரு டிக்கெட் முதல் மாதம் எடுக்காததாகப் பிறந்து என்றைக்கோ எடுத்ததாக மாறுகிறது. பிறந்த பிறகு கிளாஸ் மாறும் பொருள் எதுவும் இன்ஹெரிட்டன்ஸுக்கு (வகை, உள்வகை உறவுக்கு) ஆகாது. அது ஸ்டேட், அதாவது நிலை. டேவிட் ஹாரெல் 1987-இல் வகுத்த ஸ்டேட்சார்ட்தான் யூஎம்எல்லின் ஸ்டேட் டயகிராமுக்கு அடிப்படை. உங்கள் வேலையில் எந்தப் படத்தைவிடவும் அதிகப் பலன் தரப்போவது டிக்கெட்டின் ஸ்டேட் டயகிராம் என்பது என் கணிப்பு.

எடுக்காதது என்ற நிலையிலிருந்து ஏலம் கேட்டு ஜெயித்தால் உடனே ‘எடுத்தது’ என்று அம்புக்குறி போட்டுவிடாதீர்கள். இடையில் ஜாமீன் நிலுவை என்று ஒரு நிலை இருக்கிறது. மீதித் தவணைகளுக்குப் போதுமான ஜாமீன் கொடுத்த பிறகுதான் பட்டுவாடா. எடுத்தவர் தொகையை வாங்கிக்கொள்ளாமல் இருந்தால் அது வங்கியில் தனிக் கணக்குக்குப் போக வேண்டும். தவணை தவறுவதிலும் இரண்டு வழி. எடுக்காத டிக்கெட் தவறினால் நீக்கமும் மாற்று ஆளும். பட்டுவாடா ஆன டிக்கெட் தவறினால் மீதித் தவணைகள் அனைத்தையும் ஒரே தொகையாகக் கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு வருகிறது. இரண்டையும் ‘டிஃபால்ட்டர்’ என்று ஒரே செக்பாக்ஸில் அடக்கிய மென்பொருளுக்கு ஆறு மாதத்தில் ஒட்டுப்போட வேண்டிவரும். ஸ்டேட் டயகிராமில் அது இரண்டு தனி அம்புக்குறிகளாகக் கண்ணில் விழும்.

கமிஷனைப் பற்றி ஒன்று. ₹1,00,000 சீட்டு, 20 டிக்கெட், மாதம் ₹5,000 என்று வையுங்கள். ஏலத்தில் ₹25,000 தள்ளு போனால் எடுத்தவருக்கு ₹75,000. நடத்துபவருக்கு 5 சதவீதம் கமிஷன் என்றால் ₹5,000 போக மீதி ₹20,000. டிக்கெட்டுக்கு ₹1,000 லாபம். கமிஷன் 7 சதவீதம் என்றால் ₹18,000 மிஞ்சும், டிக்கெட்டுக்கு ₹900. சீட்டு நிதிச் சட்டம் 1982-இல் 5 சதவீதமாக இருந்த உச்சவரம்பு 2019 திருத்தத்தில்தான் 7 ஆனது. ஆகவே விகிதத்தை நிறுவனத்தின் பொது அமைப்பில் ஒரே எண்ணாக வைக்கக் கூடாது. ஒவ்வொரு சீட்டும் தன் ஒப்பந்தத்தில் எழுதிய விகிதத்தைத் தானே தாங்கியிருக்க வேண்டும். ‘லாபம் எவ்வளவு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஏலத்துடையது. ஏலம் விகிதத்தைச் சீட்டிடம் கேட்டுக்கொள்ளும். அதே 2019 திருத்தம், ஏலத்துக்கு வேண்டிய இரண்டு சந்தாதாரர்கள் வீடியோ கான்ஃபரன்சிங் வழியாகவும் கலந்துகொள்ளலாம் என்றது. ‘முன்னிலை’ என்பதை நேரில் வந்த கையெழுத்து என்று மட்டும் மாடல் செய்திருந்தால் அதையும் கவனியுங்கள்.

டயகிராம் எண்ணிக்கைக்கு வருகிறேன். யூஎம்எல் 2 வரிசையில் 14 வகை இருக்கின்றன. உங்களுக்கு மூன்று போதும்: ஒரு பக்கத்துக்குள் அடங்கும் கிளாஸ் டயகிராம் (15 கிளாஸுக்கு மேல் போனால் சந்தேகப்படுங்கள்), டிக்கெட்டுக்கும் சீட்டுக்கும் ஸ்டேட் டயகிராம், ஏல நாளுக்கு மட்டும் ஒரு சீக்வென்ஸ் டயகிராம் (யார் யாரிடம் எந்த வரிசையில் கேட்கிறார் என்ற படம்). யூஸ் கேஸுக்குப் படம் கூட அவசியமில்லை. எழுத்தில், விதிவிலக்குகளோடு எழுதினால் நல்லது. உச்சபட்சத் தள்ளுக்கு இருவர் கேட்டால் குலுக்கல், லாபத்தை வகுக்கும்போது மிஞ்சும் பைசா எங்கே போகும் என்பதெல்லாம் எந்தப் படத்திலும் சரியாக உட்காராது. எத்தனை கிளை, ஒரே நேரத்தில் எத்தனை ஏலம், இணையம் போனால் வசூல் பிரதிநிதி என்ன செய்வார் போன்றவையும் தனிப் பட்டியலாகவே இருக்கட்டும். பிளான்ட்யூஎம்எல் மாதிரி எழுத்திலிருந்து படம் வரையும் கருவி இருந்தால் திருத்துவது சுலபம். காகிதமும் பென்சிலும் குறைந்தவையல்ல.

இதையெல்லாம் முடித்த பிறகு மேலாளரிடம் படத்தைக் காட்டாதீர்கள். முடிந்துபோன ஒரு சீட்டின் பேரேட்டைக் கேளுங்கள். ஆள் மாறியது, ஜாமீன் தாமதமானது எல்லாம் நடந்த சீட்டாகப் பார்த்து வாங்குங்கள். முதல் மாதத்திலிருந்து ஒவ்வொரு பதிவையும் உங்கள் ஆப்ஜெக்ட்களில் ஏற்றிக்கொண்டே வாருங்கள். ஏதோ ஒரு மாதத்தில் பேரேட்டுத் தொகையும் உங்கள் தொகையும் ஒத்துவராது. அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கணக்கரிடம் போய் உட்காருங்கள்.