வீட்டில் செய்த சிஎன்சி எந்திரம்: அவசர நிறுத்தப் பொத்தானை அர்டுயினோவின் எந்தப் பின்னில் இணைப்பது?

கேள்வி: "கணினிக் கட்டளைப்படி மரம் செதுக்கும் சிஎன்சி ரூட்டர் ஒன்றை வீட்டிலேயே செய்து, முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். அர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் போர்டு, அதில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள், அதன் மேல் மாட்டும் சிஎன்சி ஷீல்டு, 800 வாட் ரூட்டர் மோட்டார். நான்கு சேனல் ரிலே போர்டு ஒன்றும் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். பொத்தானை எந்தப் பின்னில் இணைக்க வேண்டும்?"

எந்தப் பின்னிலும் இணைக்காதீர்கள். அந்தப் பொத்தானின் முதல் வேலை மின்சாரத்தை அறுப்பது. அர்டுயினோவுக்குத் தகவல் சொல்வது அதன் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிப் போட்டு அனுபவித்தவன் நான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முதல் எந்திரமும் நீங்கள் சொல்வது போன்றதுதான். பொத்தானை ஷீல்டின் அபார்ட் (வேலையைக் கைவிடு என்று சொல்லும்) பின்னுக்குக் கொடுத்திருந்தேன். ரூட்டரை ரிலே போர்டின் நீல நிற ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சு, நேரடியாக ஓட்டி நிறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், 6 மி.மீ. பிட் (செதுக்கும் அலகு) பலகையைப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்பை நோக்கிப் போவதைப் பார்த்துப் பொத்தானை ஓங்கி அடித்தேன். மூன்று அச்சுகளும் நின்றன. ரிலே போர்டில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு எல்இடியும் அணைந்தது. ரூட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது! புரோகிராம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டது, அணைந்த எல்இடியே அதற்குச் சாட்சி. ஆனால் பிட் நின்ற இடத்திலேயே சுழன்று பலகையைக் கருக்கிப் புகை கிளப்பிக்கொண்டிருந்தது. கடைசியில் பிளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். அந்தப் பிளக் எந்திரத்துக்குப் பின்பக்கச் சுவரில் இருந்தது. சுற்றும் பிட்டுக்கு மேலே கையை நீட்டித்தான் அதை எட்ட முடிந்தது.

எல்லாம் அடங்கிய பிறகு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அந்த நீலப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினேன். 'டிக்' என்று விடுபட்டது. மேல்மூடியை அறுத்துப் பார்த்தால், மிளகளவுகூட இல்லாத இரண்டு உலோகக் குமிழ்கள், அவைதான் ரிலேயின் முனைகள். ஒன்றில் பள்ளம், மற்றதில் அந்தப் பள்ளத்துக்குப் பொருந்தும் மேடு. உருகி ஒட்டியிருக்கின்றன. ரிலேயின் முதுகில் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. 800 வாட் ரூட்டர் ஓடும்போது எடுப்பது மூன்றரை ஆம்பியர்தான், பிறகு ஏன் என்று நானும் கேட்டேன். மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நிறுத்தும்போது அதன் சுருள் முனைகளுக்கிடையே தீப்பொறி கிளப்பும். அச்சிட்டிருக்கும் 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரியான சாதுவான சுமைக்குச் சொன்னது.

ஆக, ரிலே போர்டைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் அதன் வழியாக 230 வோல்ட்டை ஓட்டாதீர்கள். மலிவான போர்டுகளில் 230 வோல்ட் தடத்துக்கும் 5 வோல்ட் தடத்துக்கும் இடைவெளியும் மிகக் குறைவாகவே இருக்கிறது. ஒரு கான்டாக்டரின் (மோட்டார் சுமைக்கென்றே செய்த பெரிய ரிலே) காயிலுக்கு, அதாவது அதை இழுக்கும் காந்தச் சுருளுக்கு, 24 வோல்ட் கொடுக்கும் வேலையை மட்டும் அந்த ரிலேக்குக் கொடுங்கள். மோட்டாரைக் கான்டாக்டர் பார்த்துக்கொள்ளும். கான்டாக்டர் வாங்கும்போது பெட்டியில் ஏசி-1, ஏசி-3 என்று இரண்டு ஆம்பியர் கணக்குகள் இருக்கும். மோட்டாருக்குப் பார்க்க வேண்டியது ஏசி-3.

இப்போது சுற்றுக்கு வருகிறேன். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரைப் பார்த்தவருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. பச்சைப் பொத்தானை அழுத்தி விட்டால் மோட்டார் ஓடும், கையை எடுத்த பிறகும் ஓடும். கரண்ட் போனால் நின்றுவிடும், கரண்ட் திரும்பி வந்தாலும் தானாக ஓடாது. கான்டாக்டர் தன்னுடைய துணை முனை (பெரிய முனைகளோடு சேர்ந்தே அசையும் சிறிய முனை) வழியாகவே தன் காயிலுக்கு மின்சாரம் கொடுத்துக்கொள்வதுதான் சூட்சுமம். நள்ளிரவில் மூன்று பேஸ் வரும்போது எழுந்து போகச் சோம்பல்பட்டு நம் விவசாயிகள் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திக்கொள்கிறார்கள். கிணற்றுக்கு அது சரி. சிஎன்சி-யில் அப்படி ஒன்று நேர்ந்தால், நீங்கள் பிட் மாற்றிக்கொண்டிருக்கும்போது ரூட்டர் விழித்துக்கொள்ளும். சிவப்புப் பொத்தானைத் திருகி விடுவித்ததும் எந்திரம் கிளம்பிவிடக் கூடாது. அவசர நிறுத்தத்துக்கான ஐஎஸ்ஓ 13850 தரநிலையும் இதைத்தான் சொல்கிறது: பொத்தானை விடுவிப்பது மறுபடி தொடங்க அனுமதிக்கலாம், தானே தொடங்கிவைக்கக் கூடாது.

கம்பி போகும் வழி இது. தனியாக ஒரு சிறிய 24 வோல்ட் டிசி சப்ளை. அதன் பிளஸ்ஸில் ஒரு ஃபியூஸ். அங்கிருந்து சிவப்புப் பொத்தானின் என்சி (அழுத்தாதபோது மூடியிருக்கும்) முனை. இரண்டாவது பொத்தான் இருந்தால் அதன் என்சி முனையும் இதே வரிசையில் அடுத்து வரும். அதன் பிறகு பச்சை ஸ்டார்ட் பொத்தானின் என்ஓ (அழுத்தினால் மட்டும் மூடும்) முனை. அதற்குப் பக்கவாட்டில் இணையாக, எந்திரம் முழுவதற்கும் மின்சாரம் விடும் முதன்மைக் கான்டாக்டரின் 13, 14 என்று எண்ணிட்ட துணை முனைகள். அங்கிருந்து காயிலின் ஒரு முனையான ஏ1. மறுமுனையான ஏ2-விலிருந்து மைனஸ். அவ்வளவுதான். இந்தப் பாதையில் எங்கே ஒரு கம்பி கழன்றாலும் கான்டாக்டர் விழும், எந்திரம் நிற்கும். என்ஓ முனையில் பொத்தானை இணைத்தால் இதற்கு நேர்மாறு: கம்பி கழன்றது உங்களுக்குத் தெரியவே தெரியாது, அவசரத்தில் அடிக்கும் அந்த ஒரு நாள்தான் தெரியும்.

பொத்தானைப் பிளஸ் பக்கத்தில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 24 வோல்ட் சப்ளையின் மைனஸை ஓரிடத்தில் எர்த்துடன் இணைத்துவிடுங்கள். பொத்தானுக்குப் போகும் கேபிள் என்றாவது உரசி, உள்ளிருக்கும் செம்பு எந்திரத்தின் இரும்புச் சட்டத்தைத் தொடும் என்று வைத்துக்கொள்வோம். பொத்தான் பிளஸ் பக்கம் இருந்தால் ஃபியூஸ் போகும், கான்டாக்டர் விழும். மைனஸ் பக்கம் இருந்தால், அந்த உரசலே காயிலின் பாதையைப் பூர்த்தி செய்துவிடும். பிறகு பொத்தானை எத்தனை முறை அடித்தாலும் கான்டாக்டர் அசையாது. ஒரே பொத்தான், ஒரே கம்பி, இடம் மட்டும்தான் வேறு.

காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். கான்டாக்டருக்குள்ளேயே அது இருந்தால் தேவையில்லை. டயோடு இல்லாவிட்டால் காயில் அணையும்போது கிளம்பும் மின்னழுத்தத் துள்ளல் பொத்தானின் முனைகளை அரிக்கும், அர்டுயினோவையும் குழப்பும்.

முதன்மைக் கான்டாக்டரின் பெரிய முனைகள் வழியாகப் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கொண்டுபோங்கள். நம் வீடுகளில் சாக்கெட்டில் பேஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நம்பிப் பேசுவதற்கில்லை. எர்த்தை மட்டும் எந்தச் சுவிட்சும் அறுக்கக் கூடாது. இதற்கெல்லாம் முன்னால் ஒரு எம்சிபி (மிகை மின்னோட்டத்தை அறுப்பது), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு அறுப்பது).

ஒட்டிக்கொண்ட ரிலே கதையைக் கேட்டவர் இப்போது கேட்க வேண்டிய கேள்வி: கான்டாக்டரும் ஒட்டிக்கொண்டால்? ஒட்டலாம். அதனால் ஸ்பிண்டிலுக்கு, அதாவது ரூட்டர் மோட்டாருக்கு, மட்டும் இரண்டாவது கான்டாக்டர் ஒன்றைத் தொடராகப் போட்டேன். அதன் காயிலைத்தான் உங்கள் ரிலே போர்டின் முதல் சேனல் இயக்கும். காயிலுக்கான 24 வோல்ட், சிவப்புப் பொத்தானின் என்சி முனையைத் தாண்டிய இடத்திலிருந்து, முதன்மைக் கான்டாக்டர் பிடித்திருந்தால் மட்டுமே வரும்படி அதன் இன்னொரு துணை முனை வழியாக எடுத்தது. பொத்தானை அடித்தால் இரண்டுமே விழும். ஒன்று ஒட்டினாலும் மற்றது அறுக்கும். ஒட்டியதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன ஏற்பாடு: இரண்டாவது கான்டாக்டரின் என்சி துணை முனையைப் பச்சைப் பொத்தானோடு மட்டும் தொடராகப் போடுங்கள், 13, 14 பாதையில் வேண்டாம். இந்த இரண்டாவது கான்டாக்டரின் பெரிய முனை ஒட்டியிருந்தால் அந்த என்சி முனை மூடாது, எந்திரம் அடுத்த முறை கிளம்ப மறுக்கும். துணை முனைக்கு மிரர் கான்டாக்ட் என்ற உத்தரவாதம் உள்ள கான்டாக்டராகப் பார்த்து வாங்கினால்தான் இதை நம்பலாம். கடையில் விற்கும் பாதுகாப்பு ரிலேக்கள் இதையே இரட்டைப் பாதையில் இன்னும் கறாராகச் செய்கின்றன. நீங்கள் தவிர வேறு யாராவது கூலிக்கு அந்த எந்திரத்தில் நிற்கப் போகிறார்கள் என்றால் என் சுற்றை மறந்துவிட்டு அதை வாங்குங்கள்.

ஜிஆர்பிஎல் பயன்படுத்துவதால் ஒரு எச்சரிக்கை. சந்தையில் கிடைக்கும் ரிலே போர்டுகளில் பெரும்பாலானவை, பின்னின் மின்னழுத்தம் தாழ்ந்தால் ரிலே பிடிக்கும் வகை. ஜிஆர்பிஎல்லோ ஸ்பிண்டில் நிற்க வேண்டும் என்றால்தான் பின்னைத் தாழ்த்தும். அப்படியே இணைத்தால் நிறுத்து என்றால் ஓடும், ஓடு என்றால் நிற்கும். உயர்ந்தால் பிடிக்கும்படி ஜம்பரை மாற்றக்கூடிய போர்டு என்றால் மாற்றிவிடுங்கள்.

இப்போதுதான் உங்கள் பின் வருகிறது. முதன்மைக் கான்டாக்டர் விழுந்த செய்தி அர்டுயினோவின் ஏ0, அதாவது அபார்ட் பின்னுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மோட்டார் செத்த பிறகும் அர்டுயினோ பாட்டுக்கு அச்சு மோட்டார்களுக்குத் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். துணை முனையை நேராக ஏ0-வில் இணைக்காதீர்கள். கான்டாக்டரின் முனைகள் 5 வோல்ட்டின் மெல்லிய மின்னோட்டத்துக்கு நம்பகமானவை அல்ல. 21, 22 என்ற என்சி முனை வழியாக 24 வோல்ட்டை ஒரு ஆப்டோகப்ளருக்கு (ஒளி வழியாகச் செய்தி கடத்தும் சில்லு) கொடுத்து, அதன் வெளியீடு ஏ0-வைத் தரைக்கு இழுக்கட்டும். இந்தக் கம்பி ரூட்டரின் கம்பியோடு ஒட்டிப் போகக் கூடாது. பிரஷ் மோட்டாரின் இரைச்சலில் காரணமில்லாமல் ரீசெட் ஆகும்.

அபார்ட் ஆனதும் எந்திரம் தன் இடத்தை மறந்துவிடும், மறுபடி ஹோமிங் (தொடக்கப் புள்ளியைத் தேடுவது) செய்ய வேண்டும். அதனால் டீ குடிக்கப் போவதற்கெல்லாம் சிவப்புப் பொத்தானை அடிக்காதீர்கள். அதற்கு அர்டுயினோவின் ஏ1 பின்னில் ஃபீட் ஹோல்டு (தற்காலிக நிறுத்தம்) இருக்கிறது.

அச்சுகளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களின் சப்ளையை 230 வோல்ட் பக்கமே அறுக்கிறேன். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் காலியாகச் சிறிது நேரம் பிடிக்கும், ஆனால் அபார்ட் அதற்குள் துடிப்பை நிறுத்திவிடும். 36 அல்லது 48 வோல்ட் டிசியை அறுக்கிறேன் என்று நீல ரிலேயைப் போட்டால், ஏசி போல நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடாத அந்த மின்சாரம் பொறியாகவே நீடித்து ரிலேயைத் தின்றுவிடும். ஓடும்போது டிரைவருக்கும் (ஸ்டெப்பரை ஓட்டும் சிறு போர்டு) மோட்டாருக்கும் நடுவே எதையும் அறுக்கவே கூடாது, டிரைவர் போய்விடும்.

மின்சாரம் போனதும் இசட் (மேலும் கீழும் நகரும்) அச்சு கீழே விழுமா என்று கையால் பாருங்கள். பால் ஸ்க்ரூ என்றால் ரூட்டரின் எடைக்கு வழுக்கி இறங்க வாய்ப்பு அதிகம். நான் இரண்டு இழுவிசை ஸ்பிரிங் மாட்டியிருக்கிறேன்.

பின்னாளில் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) வைத்த ஸ்பிண்டிலுக்கு மாறினால் கதை வேறு. 400 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றும் ஸ்பிண்டிலின் சப்ளையை அறுத்தால், அது பிரேக் இல்லாமல் தானாக ஓய்ந்து நிற்க நெடுநேரம் ஆகும். விஎஃப்டி-யின் நிறுத்த உள்ளீட்டுக்குப் பொத்தானின் இரண்டாவது என்சி முனையைக் கொடுத்து, ஓரிரு நொடிகளில் அது பிடித்து நிறுத்திய பிறகு டைமர் ரிலே சப்ளையை அறுப்பதே சரி. விஎஃப்டி-க்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் கான்டாக்டர் வேண்டாம்.

பொத்தானை எந்திரத்தின் முன்பக்கம், பிட்டைத் தாண்டிக் கை நீட்டாமல் உள்ளங்கையால் அடிக்கும் இடத்தில் வையுங்கள். என் பழைய பிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பொத்தானின் பின்புறத்தைக் கழற்றிப் பாருங்கள்: சிவப்புத் தலை ஒரு துண்டு, முனைகள் உள்ள கருப்புக் கட்டை வேறு துண்டு, கிளிப்பில் மாட்டியிருக்கும். அதிர்வில் அந்தக் கட்டை கழன்று விழுந்தால் என்சி முனை மூடியே இருக்கும், நீங்கள் காற்றை அழுத்திக்கொண்டிருப்பீர்கள். என்சி முனை காப்பாற்றும் என்று மேலே எழுதியதற்கு இது ஒரு விதிவிலக்கு. கட்டை கழன்றாலே சுற்றை அறுக்கும் வகையும் விற்கிறார்கள், கொஞ்சம் விலை கூட. நான் சாதாரணக் கட்டையே வைத்திருக்கிறேன். தினமும் வேலை தொடங்கும் முன் பொத்தானை ஒரு முறை அடித்து, கான்டாக்டர் விழும் 'டக்' சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் பலகையை ஏற்றுகிறேன்.

முதல் சோதனையை ரூட்டரை வைத்துச் செய்யாதீர்கள். அதன் இடத்தில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். பல்பு எரியும்போது பொத்தானை அடியுங்கள், திருகி விடுவியுங்கள், எரியக் கூடாது. ஸ்டார்ட் கொடுத்து மெயின் சுவிட்சை அணைத்து மறுபடி போடுங்கள், எரியக் கூடாது. ஓடும்போது யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அடியுங்கள், அணைய வேண்டும். மெயினை அணைத்துவிட்டுப் பொத்தானுக்குப் போகும் ஒரு கம்பியைக் கழற்றி, மறுபடி மெயினைப் போட்டு ஸ்டார்ட்டை அழுத்துங்கள், எரியக் கூடாது. நான்கும் சரியாக வந்தால் பல்பைக் கழற்றிவிட்டு ரூட்டரை மாட்டுங்கள், முதல் நாள் பிட் இல்லாமல்.