மரத்துல தொங்குற மண்டை ஓடு, பயப்படாதீங்க

வேலை மாறலாமான்னு கேட்டு, மாயா படம் போட்ட டாரட் (குறி பார்க்கிற சீட்டுக்கட்டு) எடுத்தா மரணம் கார்டு வந்துச்சு, அதுல மரத்துல மண்டை ஓடு, கீழ ஒரு பொண்ணு கைய நீட்டிட்டு நிக்கிறா, கூட வந்த புக்கும் தொலைஞ்சிடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. அது போபோல் வூங்கற, மத்திய அமெரிக்கா மாயா மக்களோட புராண நூல்ல வர்ற கதைங்க. சிபால்பான்னு பாதாள லோகம், அங்க உள்ள ராஜாக்கள் ஹுன் ஹுனாபூங்கறவர கொன்னு தலைய ஒரு மரத்துல வைக்கிறாங்க, அதுவரைக்கும் காய்க்காத மரம், வச்சதும் சுரைக்காய் மாதிரி காயா காய்ச்சு தொங்குது, எது காய் எது தலைன்னே தெரியல. ஷ்கிக்ங்கற பொண்ணு கைய நீட்ட, மண்டை ஓடு அவ உள்ளங்கையில எச்சில் துப்புது, அதுல கர்ப்பமாகி அவ பெத்த ரெட்டைப் பசங்கதான் பின்னாடி அந்த ராஜாக்களையே ஜெயிக்கிறாங்க. அதனால நான்னா மண்டைய விட்டுட்டு அந்தக் கையத்தான் படிப்பேன், பழைய வேலைலேர்ந்து எத கையில வாங்கிட்டு கிளம்புறீங்கன்னு.

அப்புறம் ஓரத்துல ரெண்டு கோடு மூணு புள்ளி இருந்தா அது மாயா எண் 13, கோடு 5 புள்ளி 1, டாரட்ல மரணம் கார்டோட நம்பரும் அதான். அவங்க 260 நாள் காலண்டர்ல 13 நம்பரும் 20 நாள் பேரும் சேர்ந்து சுத்தும், அதுல 13 வந்தா அபசகுனம்லாம் இல்ல. டாரட்டே 15ம் நூற்றாண்டு இத்தாலி சீட்டாட்டம்தானே, மாயா கதையையும் டாரட்டையும் ஒட்டினது இந்தச் சீட்டுக்கட்டு வரைஞ்சவர் வேலை.