முதல் நாள் பெர்லினில்

கேள்வி: மேற்படிப்புக்குத் தனியாக பெர்லின் போகிறேன். ஞாயிறு மதியம் இறங்குவேன். முதல் நாள் எதில் கவனமாக இருக்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

பதில்: ஞாயிறு என்பதுதான் உங்கள் முதல் சிக்கல். ஜெர்மனியில் அன்று சூப்பர் மார்க்கெட்டுகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பெர்லின் மத்திய ரயில் நிலையத்துக்குள் உள்ள கடை திறந்திருக்கும். ரொட்டி, பால், முட்டை வாங்கிக்கொண்டே அறைக்குப் போங்கள். தண்ணீருக்குச் செலவழிக்க வேண்டாம், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

நகர ரயில், பேருந்துக் கட்டணத்துக்கு ஏ, பி, சி என மண்டலங்கள் உண்டு; விமான நிலையம் 'சி' மண்டலத்தில் இருக்கிறது. அதனால் 'ஏபிசி' டிக்கெட் எடுங்கள்; 'ஏபி' செல்லாது. இயந்திரத்தில் எடுத்த காகித டிக்கெட்டை, ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். மறந்தால், டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம் 60 யூரோ.

பலரும் மாட்டிக்கொள்வது வீட்டுக் கதவில். சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இருக்காது. குப்பை போடப் போனாலும் சாவி கையில் இருக்கட்டும். ஞாயிறன்று பூட்டுத் திறப்பவரை அழைத்தால் கூலி கண்ணைக் கட்டும்.

நம் ஊர் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் தேவை. மின்னழுத்தம் 230 வோல்ட்தான், நம் ஊர் மின்சார குக்கர் எரிந்துபோகாது.

தபால் பெட்டியில் உங்கள் பெயரை அன்றே ஒட்டுங்கள். பெயர் இல்லாவிட்டால் வங்கிக் கடிதம் திரும்பிவிடும். அரசு அலுவலகத்தில் செய்யும் முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.